கம்பும் நூலும்

அன்று கொச்சியில் எங்கள் மிளகுக் கிட்டங்கியான பாண்டிகசாலையின் முற்றத்தில் இருந்தவர்கள்.

சேட்டு. எங்கள் முதலாளி. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கணக்கர். நாற்காலிக்குப் பின்னால்.

தரகர். முந்தின நாள்தான் பம்பாயிலிருந்து திரும்பியவர்.

மூப்பன். சுமை தூக்குகிறவர்களின் தலைவன்.

போர்டக்கா.

நான். மூட்டைகளில் மார்க்கா போடுகிறவன்.

நடுவில் தரையில் ஒரு காலிச் சாக்கு. தரகர் பம்பாயிலிருந்து மடித்துக் கொண்டுவந்தது. விரித்துப் போட்டிருந்தது.

சாக்கில் சேட்டின் மார்க்கா. அவருடைய அப்பா பெயரின் முதல் எழுத்து, இங்கிலீஷ் எச். இரண்டு கம்பு நிற்கும், நடுவில் குறுக்கே ஒரு கோடு ஓடும். அந்தச் சாக்கில் குறுக்குக் கோட்டைக் காணோம். இரண்டு கம்பு மட்டும் நின்றது. மிளகு வியாபாரத்தில் முதல் தரச் சரக்குக்கு ஒரு கம்பு போடுவார்கள். இரண்டாம் தரத்துக்கு இரண்டு. பம்பாய்க்காரன் சாக்கைப் பார்த்தான். முதல் தர மிளகை இரண்டாம் தரம் என்று சொல்லிவிட்டான். பிரித்துப் பார்த்தால் தெரியும். தெரிந்தும் விடவில்லை. மூட்டையே சொல்கிறது, நீ என்ன சொல்கிறாய் என்று தரகரைக் கேட்டானாம். வியாபாரி.

மார்க்கா போடுவது இப்படி. தகரத்தில் எழுத்தை வெட்டி எடுத்துவிட வேண்டும். அந்தத் தகட்டைச் சாக்கின் மேல் வைத்து மை பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். வெட்டிய இடத்தில் மை இறங்கும். தகட்டை எடுத்தால் எழுத்து நிற்கும்.

தகடு வெட்டியது போர்டக்கா. மை தேய்த்தது நான். இரண்டில் ஒரு கை தப்பு.

என் கை என்றால் எனக்கு வேலை போய்விடும். கணக்கர் அதைக் காலையிலேயே சொல்லிவிட்டார். அக்கா கை என்றால் மட்டாஞ்சேரியில் எந்தப் பாண்டிகசாலையும் இனி அவரிடம் தகடு வெட்டக் கொடுக்காது. போர்டு எழுதும் வேலை எப்போதாவது வரும். தகடுதான் அவருக்குச் சோறு.

சேட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் இங்கே சொல்லவில்லை. தமிழ் ஆள்கள் போர்டக்கா என்போம். மலையாளிகளுக்கு போர்டு சேச்சி. நாகர்கோவில் பக்கம் ஊர். போர்டு எழுதும் புருஷனோடு கொச்சிக்கு வந்தார். புருஷன் போனபிறகு பிரஷ்ஷை இவர் எடுத்தார். புருஷன் எப்படிப் போனார், செத்தா, ஓடியா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சாயாக் கடைக்கும் கயிற்றுக் கடைக்கும் நடுவில் ஒரு கதவு அகலத்தில் அவர் கடை. உள்ளே தகரம், உளி, பெயிண்ட் டப்பா. சாமி படம் மாட்ட வேண்டிய ஆணியில் ஒரு அட்டை மூடி தொங்கும். ஏதோ வெளிநாட்டுச் சோப்புப் பெட்டியின் மூடி. ஏலக் கடையில் கிடைத்ததாம். சோப்பை யார் போட்டுக் குளித்தார்களோ, மூடி அக்காவிடம் வந்துவிட்டது.

மூடியில் சோப்பின் பெயர் இருந்தது. அந்த எழுத்து மாதிரி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. பார்க்கத் தெரியும். ஒரு கோடு கட்டை விரல் தடிமன். பக்கத்துக் கோடு தலைமுடி. நடுவாந்தரம் என்று ஒன்றே கிடையாது. கம்புக்குத் தலையிலும் காலிலும் ஒரு நூல், கத்தியால் நறுக்கி வைத்த மாதிரி நேராக. வட்ட எழுத்து என்றால் இரண்டு பிறை எதிரெதிரே நிற்கும். மேலேயும் கீழேயும் நூலால் தொட்டுக்கொள்ளும். சில எழுத்தின் நுனியில் மட்டும் ஒரு உருண்டை, மூக்குத்தி மாதிரி.

அந்த எழுத்துக்கு இங்கிலீஷில் ஏதாவது பெயர் இருக்கும். அக்கா வைத்த பெயர் கம்பும் நூலும்.

மூடியில் இருந்தது பத்து எழுத்துகூட இல்லை. மீதி எழுத்துகளை அக்காவே உண்டாக்கினார். இந்த எழுத்து இப்படி நிற்கிறாள், அப்படியென்றால் இவள் தங்கச்சி எப்படி நிற்பாள் என்று தன்னையே கேட்டுக்கொள்வாராம். கேட்டுக் கேட்டு முழு எழுத்தையும் சுவரில் கரியால் போட்டு வைத்திருந்தார். எச் அந்த மூடியில் கிடையாது. அது அக்கா பெற்றது.

நான் அவருக்கு ஏணி பிடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை, அவருக்குப் போர்டு வேலை அன்றுதான். தெருவில் எத்தனையோ பேர் இருந்தார்கள். நான் பேச மாட்டேன் என்று என்னைக் கூப்பிட்டார்.

கம்பு போடும்போது அக்கா பாட்டுக்கூடப் பாடுவார். கீழே போகிறவனிடம் மீன் விலை கேட்பார். நூல் போடும் நேரம் வந்தால் வளையலைக் கழற்றி என்னிடம் கொடுப்பார். அணில் முடி பிரஷ்ஷை எடுப்பார். மூச்சை இழுத்து நிறுத்துவார். ஒரே இழுப்பு. மூச்சு விடும்போது கோடு முடிந்திருக்கும். நடுவில் நின்றால் அந்த எழுத்தையே துடைத்துவிட்டு முதலிலிருந்து போடுவார். ஒருமுறை சைக்கிள்காரன் ஒருத்தன் அந்த நேரத்தில் மணி அடித்தான். அக்கா ஏணியில் நின்றபடியே அவன் குடும்பத்தை நாலு தலைமுறை விசாரித்தார். அவன் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனான்.

அக்கா அடிக்கடி சொல்வது இது.

"நூலு இல்லேன்னா கம்பு வெறும் வெறகு, மக்கா."

அவருக்கு எல்லாரும் மக்காதான். வயதானவர்களும்.

போர்டு எழுதச் சொல்லி யார் வந்தாலும் அக்கா கேட்பது ஒரே கேள்வி. என்ன எழுத வேண்டும் என்பதை அப்புறம்தான் கேட்பார்.

"அவிய எங்க நின்னு பாப்பாவ?"

படிக்கிறவர்கள் எங்கே நின்று பார்ப்பார்கள் என்று அர்த்தம். அதைக் கேட்டுவிட்டுத்தான் எந்த எழுத்து என்று முடிவு செய்வார். அவர் முடிவு செய்தால் அதுதான். கடைக்காரன் விருப்பம் எல்லாம் அதற்குப் பிறகு.

நகைக் கடைக்குக் கம்பும் நூலும் போட்டுக் கொடுத்தார். கறுப்புக் கண்ணாடியில் தங்கக் கலர். அந்தத் தெருவில் அதற்குப் பிறகு எல்லாருக்கும் அந்த எழுத்துதான் வேண்டும். ஐஸ் கம்பெனிக்காரர் ஒருத்தர் வந்து கேட்டார். அக்கா தன் கேள்வியைக் கேட்டார். வள்ளத்தில் போகிறவர்கள் தண்ணீரிலிருந்து பார்ப்பார்கள் என்றார் அவர். அப்படியானால் உமக்கு நூல் கிடையாது, வெறும் கம்புதான் என்று அக்கா சொல்லிவிட்டார். ஐஸ்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. நகைக் கடைக்காரனைவிட நான் என்ன குறைச்சல் என்று கேட்டார்.

"நகைக் கடையில பொம்பள நின்னு பாப்பா. ஒம்ம ஐசு நின்னா உருகிப்போவும்."

சாயாக் கடையில் கிளாஸோடு இருந்தவர்கள் சிரித்தார்கள். ஐஸ்காரர் முகத்தைக் கடுமையாக வைத்துப் பார்த்தார். முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டு வெறும் கம்பு எழுத்தே வாங்கிப் போனார்.

போர்ட் கொச்சியில் சவப்பெட்டி செய்கிறவர் ஒருத்தர் இருந்தார். அவர் சாதாரண எழுத்துப் போதும் என்று வந்தார். அலங்காரம் செய்தால் ஆள்கள் தப்பாக நினைப்பார்கள் என்றார். அக்கா அவருக்குக் கம்பும் நூலும்தான் என்று சொன்னார். அங்கே வருகிறவன் அவசரப்பட மாட்டான், கிட்டே வந்து நிற்பான், அவன் முன்னால் எழுத்து சத்தம் போடக் கூடாது என்றார். போர்டு எழுதி முடித்ததும் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, நான் இன்னும் சாகவில்லையே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியவை. தையல் கடை விஷயம் அப்படி இல்லை.

அந்தத் தையல்காரர் நல்ல மனுஷன். அவர் போர்டில் வெயில் பட்டு நூல் மங்கிவிட்டது. அக்காவைத் தேடிப் போக நேரமில்லை. வேறு ஒரு பெயிண்டரை வைத்து நூலை எல்லாம் தடிமனாக்கிவிட்டார். அக்கா ஒரு நாள் மத்தியானம் அந்த வழியாகப் போனார். பார்த்தார். பக்கத்துக் கடையில் ஸ்டூல் வாங்கிப் போட்டு ஏறி, சவரப் பிளேடால் பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்தார். தையல்காரர் ஓடி வந்தார். வாயில் ஊசி இருந்தது. எடுத்துவிட்டுப் பேசினார்.

"சேச்சி, இப்பத்தானே தூரத்துலேர்ந்து தெரியுது."

"தெரியணும்னா எருமைய நிறுத்தும். அதும் தூரத்துலேர்ந்து தெரியும்."

கடையில் துணி கொடுக்க வந்தவர்கள் நின்றார்கள். தையல்காரர் கெஞ்சினார். அது என் போர்டு, நான் பணம் கொடுத்தது என்றார். நியாயம்தான். அக்கா நிறுத்தவில்லை. சுரண்டி முடித்து, நூல் இல்லாத எழுத்தாக விட்டுவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் வந்து புது நூல் போட்டுக் கொடுத்தார். ஆனால் அந்த ஒரு நாள் முழுக்க அந்த மனுஷன் கடையில் பெயர் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அன்று அக்காவிடம் கொஞ்சம் பயம் வந்தது. எழுத்துக்காக ஆளை விட்டுவிடுவாரோ என்று.

அதனால்தான் முற்றத்தில் நிற்கும்போது எனக்கு நம்பிக்கை இல்லை.

சேட்டு விஷயம் இது. அவர் மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவர், எங்கள் பேச்சு அவருக்கு நன்றாக வரும். தினமும் நகைக் கடை வழியாக வருவார். அவர் அப்பா காலத்துத் தகடு பாத்திரக்காரன் வெட்டியது. தடித்தடியாக ஒரு எச். அது தேய்ந்துவிட்டது. புதுத் தகடு வேண்டும் என்றபோது கணக்கரை அனுப்பவில்லை, அவரே அக்கா கடைக்கு வந்தார். நான் பழைய தகட்டை எடுத்துக்கொண்டு கூடவே போனேன். அப்பாவின் எழுத்தை நகைக் கடை எழுத்தில் வெட்டித் தர வேண்டும், கப்பலில் போகிற இடம் எல்லாம் அது போக வேண்டும் என்றார்.

அக்கா சுவரில் தான் போட்டு வைத்திருந்த எச்சைப் பார்த்தார். நகைக் கடைப் பெயரில் எச் கிடையாது. சவப்பெட்டிக் கடைப் பெயரிலும் கிடையாது. அது அதுவரை சுவரை விட்டு இறங்கியதில்லை. அக்காவின் முகம் எனக்குத் தெரியும். அன்று அது வேறாக இருந்தது.

வெட்டித் தருகிறேன் என்றார். எங்கே நின்று பார்ப்பார்கள் என்று கேட்கவில்லை. அன்று மட்டும் கேட்கவில்லை.

தகடு வந்தது. இரண்டு கம்பும் நல்ல அகலம். நடுவில் நூல், தகரத்தில் ஒரு கீறல் மாதிரி. வெளிச்சத்தில் பிடித்தால் அதில் ஒரு கோடு வெளிச்சம் வந்தது. சேட்டு அதைச் சன்னலுக்கு நேரே பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றார்.

முதல் சில மூட்டைகளில் நூல் விழுந்தது. அழகாகத்தான் இருந்தது. பிறகு கீறலில் மை உறைந்தது. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். ஊசியால் குத்தி எடுத்தேன். இரண்டு மூட்டைக்கு வரும். மூன்றாவதில் அடைக்கும். அடைக்காத நேரத்திலும் விழவில்லை. சாக்கின் இழையே அந்த நூலைவிடத் தடிமன்.

ஒரு சாயங்காலம் தகட்டை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். நூல் விழவில்லை என்றேன். அக்கா தகட்டை உயர்த்திப் பார்த்தார். தகட்டில் குறை இல்லை, கையை மாற்று என்றார். சாக்கு பழகிக்கொள்ளும் என்றார். கையை மாற்றினேன். சாக்கு பழகவில்லை.

அந்த மூட்டைகள்தான் பம்பாய் போனது.

இனி முற்றம்.

கணக்கர் பேசினார். மையில் மண்ணெண்ணெய் அதிகம் விட்டு நீர்த்துப் போக வைத்திருப்பேன் என்றார். வேகமாக முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற புத்தி என்றார். உள்ளே அடுத்த சரக்கு தைத்து அடுக்கியிருந்தது. மறுநாள் காலை வள்ளத்தில் வெலிங்டன் தீவுத் துறைமுகத்துக்குப் போக வேண்டும். மார்க்கா போடவில்லை. இன்றைக்கு இவனை வைத்தே போடுவதா, வேறு ஆளைப் பார்ப்பதா என்று சேட்டைக் கேட்டார்.

சேட்டு என்னைப் பார்த்தார். நீ என்ன சொல்கிறாய் என்றார்.

"மை தேய்ச்சது நான்தான்" என்றேன்.

அது உண்மை. மற்றதைச் சொல்லலாம். நான் போய்ச் சொன்னேன், இவர் கேட்கவில்லை என்று சொல்லலாம். அக்கா பக்கத்தில் நின்றார். அவரே நின்றுகொண்டிருக்கும்போது அவர் சொல்ல வேண்டியதை நான் ஏன் சொல்வது. சொல்லவில்லை. வீட்டில் மகள் இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அது நினைவுக்கு வந்தது. அப்போதும் சொல்லவில்லை.

அக்கா சாக்கின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். விரலால் நடுவில் தடவினார். கிட்டே வைத்துப் பார்த்தால் நூலின் நிழல் மாதிரி ஏதோ தெரிந்தது. அதைக் காட்டித் தப்பித்திருக்கலாம். எழுந்தார். வாசல் கதவுவரை நடந்து போனார். அங்கே திரும்பி நின்று சாக்கைப் பார்த்தார். பிறகு முற்றத்தைத் தாண்டித் தண்ணீர்ப் பக்கத்துக் கதவுக்குப் போனார். மூட்டை வள்ளத்தில் இறங்கும் இடம் அது. அங்கிருந்தும் பார்த்தார்.

திரும்பி வந்தார். குரல் மாறவில்லை. மீன் விலை கேட்கிற குரல்தான்.

"அங்க நின்னாலும் ரெண்டு கம்பு. இங்க நின்னாலும் ரெண்டு கம்பு. தகடு எனக்க தகடு. தப்பு தகட்டுலதான்."

கணக்கர் ஏதோ சொல்ல வந்தார். அக்கா கையைக் காட்டினார்.

"ஊரு முழுக்கக் கேப்பேன், எங்க நின்னு பாப்பாவன்னு. சேட்டுகிட்ட நான் கேக்கல. இவன் வந்து நூலு விழலன்னு சொன்னான். நான் கேக்கல."

அவ்வளவுதான். மன்னிப்பு கேட்கவில்லை. தலையைக் குனியவில்லை. தையல் கடையில் ஸ்டூலில் ஏறியபோது எப்படி நின்றாரோ அப்படியே நின்றார்.

மூப்பன் என்னைப் பார்த்தான். நீ இதை ஏன் சொல்லவில்லை என்று கண்ணாலேயே கேட்டான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கணக்கர் புத்திசாலி. அப்படியானால் வேலை சுலபம், நூலை விரல் அகலத்துக்கு வெட்டிவிட்டால் போதும் என்றார். தகடு கையில் இருக்கிறது, உளி வாங்கி வந்தால் நானே வெட்டுவேன் என்றார்.

"வெட்டலாம். அது எழுத்தா இருக்காது, வாசல் கேட்டா இருக்கும். சேட்டோட அப்பன் பேருக்கு ஒரு இரும்புக் கேட்டு போதுமா?"

சேட்டு கணக்கரைப் பார்த்தார். கணக்கர் உளியை மறந்துவிட்டார்.

வேறு என்ன செய்வது என்று சேட்டு அக்காவைக் கேட்டார். காலையில் வள்ளம் வரும் என்றார். ஒரு தகரமும் ஒரு மரக்கட்டையும் கொடுங்கள், இங்கேயே உட்கார்ந்து வெட்டுகிறேன் என்றார் அக்கா. நான் அவர் கடைக்குப் போய் உளிகளை எடுத்து வந்தேன். அக்கா மூட்டை நிறுக்கும் பெரிய தராசுத் தட்டில் உட்கார்ந்தார். வளையலைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். தகரத்தில் சாக்பீஸால் வரைந்தார். அளவு பார்க்கவில்லை.

வரைந்தது பெரிய எச் இல்லை. சின்ன எச். இடது பக்கம் ஒரு நெட்டைக் கம்பு. வலது பக்கம் ஒரு குட்டைக் கம்பு. குட்டையின் தோள் வளைந்து போய் நெட்டையின் இடுப்பைத் தொட வேண்டும். தொடுகிற இடம் மட்டும் நூல்.

எனக்குப் புரிந்தது. நூல் விழாவிட்டாலும் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, அதற்கு ஒரு வளைவு. எங்கே நின்று பார்த்தாலும் யாரும் அதை இரண்டாம் தரம் என்று சொல்ல முடியாது.

சேட்டுக்குத் திருப்தி இல்லை. எழுந்து வந்து பார்த்தார்.

"எங்கப்பா பேரு பெரிய எழுத்துல தொடங்குது. இது சின்ன எழுத்தாச்சே."

"பெரிய எழுத்து பேருக்கு முன்னால நிக்கிறதுக்கு. பின்னால வேற எழுத்து வரணும். தனியா நிக்கிறதுக்கு இதுதான் அழகு. நெட்டை ஒங்க அப்பா. தோளச் சாச்சு நிக்கிறது நீங்க. பாத்தியளா?"

சேட்டு பார்த்தார். திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். வெட்டுங்கள் என்றார்.

அக்கா முதலில் கம்புகளை வெட்டினார். பேசிக்கொண்டே வெட்டினார். மூப்பனிடம் அவன் மகள் கல்யாணத்தை விசாரித்தார். பிறகு ஆகச் சின்ன உளியை எடுத்தார். மூச்சைப் பிடித்தார்.

அப்போது நான் கேட்டேன். நான் கேட்டது அந்த ஒன்றுதான்.

"அக்கா, அது அடைச்சிக்குமே."

"அடைக்கட்டும். விழுந்தா விழட்டும். எடம் இருக்கணும்."

வெட்டினார். தலையிலும் காலிலும்கூட நூல் வெட்டினார். தகட்டைத் தூக்கி வெயிலில் பிடித்தார். கீறலில் வெளிச்சம் வந்தது.

மூப்பன் எட்டிப் பார்த்தான். அவன் ஆள்களுக்குப் படிப்பு கிடையாது, ஒவ்வொரு மார்க்காவுக்கும் ஒரு பெயர் வைத்துத்தான் தூக்குவார்கள். ஒரு மார்க்கா தராசு, ஒரு மார்க்கா நண்டு. இதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தள்ளயும் குட்டியும்" என்றான். தாய் ஆடும் குட்டியும் நிற்கிற மாதிரி இருந்ததாம் அவனுக்கு. அன்று வைத்த பெயர் கடைசிவரை மாறவில்லை. சேட்டுக்கு அப்பாவும் மகனும். தூக்குகிறவர்களுக்கு ஆடும் குட்டியும். பம்பாயில் அதை யாரும் மறுபடி எண்ணாக வாசிக்கவில்லை.

அக்கா தகடு தப்பாகப் போன கதை அன்று சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மூட்டையோடு கதையையும் தூக்குகிறவர்கள்தானே. சில பாண்டிகசாலைக்காரர்கள் பாத்திரக்காரனிடம் போய்விட்டார்கள். சிலர் கொஞ்ச நாள் கழித்துத் திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை. போனவர்களைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை கேட்டதில்லை. வந்தவர்களிடம் முதலில் கேட்டது பழைய கேள்விதான். எங்க நின்னு பாப்பாவ. அதைக் கேட்காமல் விட்டது அந்த ஒருமுறை மட்டும்.

சேட்டின் தகடு எண்பதுகளில் இரண்டு தடவை தேய்ந்து புதிது வெட்டினோம். இரண்டு தடவையும் அக்காதான். இரண்டு தடவையும் நூல் இருந்தது. என் வேலையும் இருந்தது. அன்று முற்றத்தில் நான் சொல்லாததைப் பற்றி அக்கா என்னிடம் பேசியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் போய் ஏதாவது சொன்னால், கையில் இருக்கும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

முற்றத்தில் தகடு வெட்டிய அன்று வெயில் தாழ்வதற்குள் எல்லா மூட்டைக்கும் மார்க்கா போட்டேன். இருநூறுக்கு மேல். மையைக் கொஞ்சம் இளக்கினேன், தகட்டை நாலைந்து மூட்டைக்கு ஒருமுறை துடைத்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்தேன். அக்கா தராசுத் தட்டிலேயே உட்கார்ந்து பால் விடாத கட்டன் சாயா குடித்தார். போகவில்லை.

கடைசி மூட்டை முடிந்து நான் கையைத் துடைத்தேன். அப்போது கேட்டார்.

"நூலு எத்தனையில விழுந்திருக்கு?"

அதை எண்ணி என்ன ஆகப் போகிறது என்றார் கணக்கர். விழாவிட்டாலும் பரவாயில்லை என்றுதானே இப்படி வெட்டியது.

அக்கா கிளாஸைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேட்டு நாற்காலியிலிருந்து எழுந்தார். வாங்க, எண்ணிப் பார்ப்போம் என்றார். அவரே முதலில் உள்ளே போனார். கணக்கர் பின்னால் போனார். தரகர் போனார். மூப்பன் போனான். தண்ணீர்ப் பக்கத்துக் கதவிலிருந்து வெயில் சாய்வாக உள்ளே வந்தது. ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து பார்த்தோம். பாதி விழுந்ததைக் கணக்கர் ஒன்று என்று சேர்க்கப் பார்த்தார். சேட்டு வேண்டாம் என்றார். நெட்டையிலிருந்து குட்டைவரை அறுபடாமல் ஓடியிருந்தால்தான் கணக்கு.

சந்தேகம் வந்ததைத் திரும்பப் போய்ப் பார்த்தோம். பிறகு வெளியே வந்தோம். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள், நான்தான் சொல்ல வேண்டும் என்பது போல. சொன்னேன்.

ஒன்பது.